வெளிநாட்டுத் தவளை முட்டைக்கு உடல்நலச் சான்று எதற்கு?

நெல் வயலில் நடவுக்குத் தண்ணீர் கட்டிய சில நாட்களில், வரப்போரத்தில் கூழ் போன்ற ஒரு திரள் மிதப்பதை விவசாயிகள் கண்டிருப்பார்கள். வெந்த ஜவ்வரிசியில் கறுப்புக் கடுகைப் பதித்தது போலிருக்கும். இதுவே தவளை முட்டை. சில நாட்களில் இதிலிருந்து தலைப்பிரட்டைகள் வெளிவந்து நீந்தத் தொடங்கும்.

இதே போன்ற முட்டைகள், வேறு இனத் தவளைகளுடையவை, ஆராய்ச்சிக்காக விமானம் மூலம் நாடு விட்டு நாடு அனுப்பப்படுகின்றன. விலையைக் கொடுத்துவிட்டால் மட்டும் முட்டை கைக்கு வந்து சேராது. கட்டுப்பாடு உள்ள நாடுகளில் இறக்குமதி அனுமதி, அனுப்பும் நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட உடல்நலச் சான்று, முட்டையை வைக்கப்போகும் ஆய்வுக்கூடம் பாதுகாப்பானது என்பதற்கான ஒப்புதல் ஆகியவை கேட்கப்படுகின்றன. கறவை மாட்டை வரவழைப்பதற்கு உள்ளது போன்ற கட்டுப்பாடு, கடுகளவு முட்டைக்கும் உண்டு.

கடுகளவு முட்டைக்கு இத்தனை காகிதமா என்று தோன்றக்கூடும். இத்தகைய விதிகள் இல்லாத காலத்தில் நடந்ததை அறிந்தால் அவ்வாறு தோன்றாது. மீன் குஞ்சு, பட்டுப்புழு முட்டை ஆகியவற்றை வெளியிலிருந்து வாங்கி வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி உண்டு.

ஆய்வுக்கூடத்தில் தவளைக்கு என்ன வேலை?

தவளை முட்டை தாயின் உடலுக்கு வெளியே, தண்ணீரில் வளர்கிறது. ஒரு செல் இரண்டாகி, நான்காகி, தலை, வால், இதயம் என உருப்பெறுவதைக் கண்ணாடித் தட்டில் வைத்தே பார்க்கலாம். கோழி முட்டையை உடைக்காமல் இதைப் பார்க்க முடியாது. பசுவின் கருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரு வளர்ச்சியைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி தவளை முட்டையிலிருந்து கிடைத்ததாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கர்டன், வளர்ந்த செல்லின் உட்கருவைத் தவளை முட்டைக்குள் செலுத்தி முழுத் தவளையை உருவாக்கிக் காட்டினார். அந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 2012ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதற்குப் பயன்பட்டது ஜெனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளை. கால் விரல்களில் நகம் உடையது. வாழ்நாள் முழுவதும் தண்ணீரிலேயே கிடப்பது. ஆய்வுக்கூடங்களில் இதற்கு அடுத்தபடியாக இடம்பெற்றிருப்பது மெக்சிகோ நாட்டின் ஆக்சலாட்ல். இது தவளை அன்று. வால் உதிராத சலமாண்டர் வகை. தவளை, தேரை, சலமாண்டர் யாவும் நீரிலும் நிலத்திலும் வாழும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. ஆக்சலாட்லின் காலை வெட்டினால் எலும்போடும் தசையோடும் மீண்டும் முளைக்கும். ஆகவே காயம் ஆறுவதைப் பற்றி ஆராய்வோர் இதை விடுவதில்லை. 1864ல் பாரிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில விலங்குகளின் வழிவந்தவை இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகம் இதற்கெனவே ஒரு வளர்ப்பு நிலையம் வைத்து, முட்டைகளை ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பிவருகிறது.

தவளையோடு சென்ற நோய்

1930களில் பெண்கள் கருவுற்றிருப்பதை உறுதிசெய்ய ஜெனோபஸ் தவளை பயன்பட்டது. பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். அவர் கருவுற்றிருந்தால் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். இந்தச் சோதனைக்கு அடிகோலியவர் லான்சலாட் ஹாக்பென் என்னும் விஞ்ஞானி. இம்முறை பரவியதும் தென்னாப்பிரிக்காவிலிருந்து இத்தவளைகள் ஏராளமாகப் பல நாடுகளின் மருத்துவமனைகளுக்கு ஏற்றுமதியாயின. நோய்ச் சோதனை என்ற பேச்சே அப்போது கிடையாது. பின்னர் வேதிப்பொருள் சோதனை முறைகள் வந்தன. தவளைக்கு வேலையில்லாமல் போயிற்று. தப்பியவையும் வெளியே விடப்பட்டவையுமாகப் பிரான்ஸ், போர்ச்சுகல், சிலி, கலிபோர்னியா முதலிய இடங்களின் குளங்களில் அவை பெருகின.

1990களில் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் மழைக்காட்டுத் தவளைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மருந்து தெளிக்காத, மரம் வெட்டாத காடுகளிலும் இது நேர்ந்ததால் காரணம் விளங்கவில்லை. 1998ல் நோய்க்காரணி கண்டறியப்பட்டது. அது ஒரு நீர்ப்பூசணம். சைட்ரிட் என்ற வகையைச் சேர்ந்தது. தவளை தோலின் வழியாகவே நீரைப் பருகுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. இப்பூசணம் அந்தத் தோலில் பற்றி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. இந்நோயால் உலகில் குறைந்தது 501 இனங்கள் நலிந்துள்ளன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றும் 2019ல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு தெரிவித்தது. தனியொரு நோய் விலங்குலகில் இவ்வளவு நாசம் செய்ததாக வேறு பதிவு இல்லை.

அருங்காட்சியகம் ஒன்றில் பதப்படுத்தி வைத்திருந்த, 1938ல் பிடிபட்ட ஜெனோபஸ் தவளையின் தோலில் இப்பூசணம் காணப்பட்டதால், நோய் ஆப்பிரிக்காவில் தோன்றி இத்தவளையோடு பரவியது என்று 2004ல் கருதினார்கள். 2018ல் வெளியான மரபணு ஆய்வோ, பூசணத்தின் தாயகம் கிழக்கு ஆசியா என்று காட்டுகிறது. தாயகம் எதுவாயினும், அது கண்டம் விட்டுக் கண்டம் சென்றது மனிதர் கொண்டுசென்ற உயிருள்ள விலங்குகளோடும், அவை மிதந்த தண்ணீரோடும்தான். ஜெனோபஸ் தவளை பூசணத்தைத் தாங்கிக்கொண்டு நோய்க்குறி இல்லாமல் நடமாடக்கூடியது. ஆகவே பார்த்த மாத்திரத்தில் நோயுள்ளது எது, இல்லாதது எது என்று பிரிக்க முடியாது.

இதே வகையில் மற்றொரு பூசணம் சலமாண்டர்களைத் தாக்குகிறது. நெதர்லாந்து நாட்டில் 2010க்குப் பிறகு மஞ்சள் புள்ளியுள்ள தீச் சலமாண்டர்கள் 100க்கு 96 என்ற அளவில் மறைந்தன. 2013ல் அந்தப் பூசணத்துக்குப் பெயரிடப்பட்டது. ஆசியாவிலிருந்து அழகுக்காக வளர்க்க இறக்குமதியான சலமாண்டர்களோடு அது ஐரோப்பாவை அடைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. மூன்றாவது நோய், ரானாவைரஸ். இது தவளையை மட்டுமின்றி மீன், ஆமை ஆகியவற்றையும் தாக்கும். இங்கிலாந்தில் இந்நோய் திரும்பத் திரும்பத் தோன்றிய குளங்களில் சாதாரணத் தவளைகள் சுமார் 80 சதவீதம் குறைந்தன.

உலக விலங்கு நல அமைப்பு, தவளைப் பூசணத்தையும் ரானாவைரசையும் 2008ல் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சலமாண்டர்ப் பூசணம் 2017ல் சேர்ந்தது. கோமாரி, ராணிக்கெட் போல, இந்நோய்கள் தோன்றினால் உறுப்பு நாடுகள் தெரிவிக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

முட்டைக்கு உள்ளேயா, வெளியேயா?

முட்டை இறக்குமதி விதிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. நோய்க்கிருமி முட்டைக்குள் இருக்கிறதா, முட்டையின் மேல் ஒட்டியிருக்கிறதா?

பட்டுப்புழு வளர்க்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு மாவட்ட விவசாயிகளுக்கு இது புதிய கேள்வி அன்று. பட்டுப்புழுவுக்கு வரும் பெப்ரின் நோயின் கிருமி தாய் அந்துப்பூச்சியின் உடலிலிருந்து முட்டைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. முட்டையைப் பார்மலின் கரைசலில் எத்தனை முறை முக்கி எடுத்தாலும் உள்ளே இருப்பது சாகாது. ஆகவேதான் பிரான்சில் 1865 முதல் ஐந்தாண்டுகள் இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர், முட்டையை விட்டுவிட்டுத் தாயைச் சோதிக்கச் சொன்னார். முட்டையிட்ட அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, கிருமி இருந்தால் அதன் முட்டைகள் முழுவதையும் எரித்துவிட வேண்டும். இன்றும் முட்டை வித்தகங்களில் நடப்பது இதுவே. நோயற்ற முட்டைத் தொகுதி என்ற பெயரே இவ்வாறு வந்ததுதான்.

தவளைப் பூசணம் இதற்கு நேர்மாறானது. அது கெரட்டின் என்னும் பொருள் உள்ள இடத்தில்தான் பற்றும். நகத்திலும் கொம்பிலும் உள்ள பொருள் அது. வளர்ந்த தவளைக்கு அது தோலில் உண்டு. தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டும் உண்டு. முட்டையில் இல்லை. ஆகவே பூசணம் முட்டையைத் தாக்குவதில்லை. ஆனால் முட்டையைச் சுற்றியுள்ள கூழிலும், அது மிதக்கும் நீரிலும் பூசணத்தின் நீந்தும் வித்துக்கள் இருக்கலாம். தாய்த்தவளை முட்டையிட்ட அதே தொட்டி நீரைப் பையில் ஊற்றி அனுப்பினால், முட்டை சுத்தமாக இருந்தும் நோய் பயணமாகிவிடும். ஏரி நீரில் இப்பூசணம் 7 வாரம் வரை உயிரோடிருந்ததாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஈரமுள்ள ஆற்று மணலில் அதனினும் நீண்ட நாள் இருக்கும். காய்ந்தால் மட்டும் தாங்காது. சில மணி நேரத்தில் செத்துவிடும்.

ஆகவே தவளைப் பூசணத்தைப் பொறுத்தவரை முட்டையைவிட முட்டையோடு வரும் தண்ணீரே சந்தேகத்துக்குரியது. ரானாவைரசைப் பொறுத்தவரை இவ்வளவு தைரியமாக இருக்க இயலாது. அதனால் விதி எழுதுவோர் இரண்டையும் கேட்கிறார்கள்: தாயும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், முட்டையும் கழுவப்பட்டிருக்க வேண்டும்.

அண்டை நாடுகளான அமெரிக்காவும் கனடாவும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடை கண்டன. 2016 ஜனவரியில் அமெரிக்கா 20 பேரினச் சலமாண்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தபோது, உயிருள்ளவை, இறந்தவை, உறுப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தது, முட்டையை விலக்கிவிட்டது. பூசணம் முட்டையில் பற்றாதென்பதே அதன் நியாயம். 2017ல் கனடா பிறப்பித்த விதி, சலமாண்டர் இனம் முழுவதற்கும் பொருந்தியது. முட்டை, விந்து, கரு, திசு வளர்ப்பு ஆகியவற்றுக்கும் அனுமதிச்சீட்டு கேட்டது. அமெரிக்கா முட்டையை மட்டும் பார்த்தது. கனடா முட்டை வரும் பையையும் சேர்த்துப் பார்த்தது. தண்ணீர் இல்லாமல் முட்டை பயணம் செய்வதில்லை ஆதலால், கனடாவின் வழியே விவேகமானது எனலாம்.

விதிகள் கேட்பவை

நாட்டுக்கு நாடு வாசகம் மாறினாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றே. முதலாவது, முட்டையிட்ட தவளைகளின் வரலாறு. அவை காட்டில் பிடித்தவையா, வளர்ப்பு நிலையத்தில் பிறந்தவையா? அந்த நிலையத்தில் வெளித்தவளைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டனவா? அண்மையில் அங்கு காரணம் தெரியாத சாவு நேர்ந்ததா? இவற்றுக்குப் பதிவேடு காட்ட வேண்டும். அடுத்து, தவளைகளின் தோலைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துச் சோதிக்க வேண்டும். கொரோனா காலத்தில் யாவரும் அறிந்துகொண்ட பி.சி.ஆர். சோதனையே இது. ஒன்றிரண்டு தவளைகளைச் சோதித்தால் போதாது. கூட்டத்தின் அளவுக்கேற்பப் பலவற்றைச் சோதிக்க வேண்டும்.

முட்டைகளை நோய்நீக்கிய புதிய நீரில் பலமுறை அலச வேண்டும். ஜெனோபஸ் முட்டையானால் வெளிக்கூழையே வேதிக் கரைசலால் நீக்கிவிடுவது ஆய்வுக்கூடங்களில் வழக்கம். பை, பெட்டி யாவும் புதியனவாக இருக்க வேண்டும். ஈரம் காக்கவென்று பாசியோ, நீர்ச்செடியோ, மண்ணோ வைக்கக் கூடாது. சான்றிதழில் இனத்தின் அறிவியல் பெயர், எண்ணிக்கை, பெற்றோர் சோதிக்கப்பட்ட தேதி ஆகியவை இடம்பெறும். ஆக்சலாட்ல் அருகிவரும் விலங்குகளின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளதால், அதற்கென தனி அனுமதியும் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாடு, குதிரை ஆகியவற்றை எல்லையில் உள்ள தொற்றுத் தடுப்பு நிலையத்தில் வாரக்கணக்கில் தனித்து வைத்துப் பார்க்கலாம். முட்டை காத்திருக்காது. ஜெனோபஸ் முட்டை அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது முதல் சில மணி நேரத்து வளர்ச்சி என்றால், விமான நிலையத்தில் ஒரு நாள் தாமதமானாலும் சரக்கு வீண். ஆக்சலாட்ல் முட்டை பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆவதால் பயணத்தைத் தாங்கும்.

எனவே சோதனை முழுவதும் புறப்படுமுன் தாயிடத்தில் முடிந்திருக்க வேண்டும். வந்த பிறகு தனித்து வைப்பது ஆய்வுக்கூடத்திலேயே நடக்க வேண்டும். பன்னாட்டு விதித்தொகுப்பும் இதையே சொல்கிறது: நோயற்றது என்று உறுதிப்படாத நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வருபவை நேரே அடைப்புள்ள கூடத்துக்குச் செல்ல வேண்டும்; பயணத்தில் வந்த நீரும், தொட்டிக் கழிவுநீரும் கிருமி கொல்லப்பட்ட பிறகே வெளியேற வேண்டும். பையில் வந்த நீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டக் கூடாது. இறந்த கருக்களையும் பையையும் நீராவிக் கொதிகலத்தில் வேகவைத்தோ எரித்தோ அழிக்க வேண்டும். ஆராய்ச்சி முடிந்ததும் மிஞ்சிய தலைப்பிரட்டைகளை இரக்கப்பட்டுக் குளத்தில் விடுவது பெருங்குற்றம். வேறு கூடத்துக்குக் கொடுக்கவும் அனுமதி பெற வேண்டும்.

முட்டைக்குப் பதிலாகத் தவளையின் உறைவிந்தை அனுப்பும் முறையும் வளர்ந்துள்ளது. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் உறைவிந்துக் குச்சியைப் போன்றதே. முட்டையை இவ்வாறு உறையவைத்துக் காக்க இதுவரை வழி கிடைக்கவில்லை. மஞ்சள் கரு மிகுந்த பெரிய செல் ஆதலால் உறையும்போது சிதைந்துவிடுகிறது.

நல்லெண்ணத்தால் வந்த கேடு

விதிகளில் மிகவும் சாதாரணமாகத் தோன்றுவது, வெவ்வேறு இடத்து விலங்குகளை ஒரே கூடத்தில் சேர்த்து வைக்காதே என்பது. இதைக் கவனியாததன் விளைவுக்கு ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவு சான்று. அங்கு மட்டுமே வாழும் ஒரு சிறு தேரை இனம் அருகிவந்தது. அதைக் காப்பாற்றும் நோக்கத்துடன் வளர்ப்பு நிலையத்தில் இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளை மலை ஓடைகளில் விட்டார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சில ஓடைகளில் தவளைப் பூசணம் இருந்தது. ஆராய்ந்ததில் 1991ல் விடப்பட்ட தேரைகளோடு நோய் வந்தது தெரிந்தது. வளர்ப்பு நிலையத்தில் அதே கூரையின் கீழ்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜெனோபஸ் இனத் தவளைகளும் இருந்தன. தொட்டி மாறிய வலையோ, வாளியோ, ஈரக்கையோ போதும்.

ஆறுதலான செய்தி, அந்தத் தீவில் நோயை ஒழிக்கவும் முடிந்தது என்பதாகும். தலைப்பிரட்டைகளைப் பிடித்துப் பூசணக்கொல்லி மருந்து நீரில் வைத்துக் குணப்படுத்தினார்கள். காலியான பாறைக் குட்டைகளைக் கிருமிநாசினியால் கழுவி, பிறகு அவற்றைத் திரும்ப விட்டார்கள். 2015ல் இவ்வெற்றி அறிவிக்கப்பட்டது. ஆனால் அவை கைக்கு அடங்கிய சில குட்டைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலோ, காவிரிப் பாசன வாய்க்காலிலோ இதைச் செய்ய எவராலும் ஆகாது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் 400க்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவற்றில் பல வேறெங்கும் இல்லை. அம்மலையில் தவளைப் பூசணம் இருப்பது 2011ல் பதிவாயிற்று. இங்கு அதனால் தவளைகள் கூட்டமாக மடிந்ததாகப் பதிவு இல்லை. ஆசியத் தவளைகள் நெடுங்காலம் இப்பூசணத்தோடு பழகியவை என்பது ஒரு விளக்கம். வெப்பமும் ஒரு காரணமாகலாம். இப்பூசணம் 17 முதல் 25 டிகிரி வெப்பத்தில் செழிப்பது, நம் சமவெளிக் கோடையைத் தாங்காது. ஆனால் உதகை, கொடைக்கானல், வால்பாறை போன்ற குளிர்ந்த இடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வெளிநாட்டுக் கொடிய வகை வந்து சேர்ந்தால் உள்நாட்டு வகையைப் போலவே அடங்கியிருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

சலமாண்டர் இனம் நம் நாட்டில் தார்ஜிலிங் மற்றும் வடகிழக்கு மலைகளில் மட்டும் உண்டு. ஆனால் ஆக்சலாட்லைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆசை நகரங்களில் பரவிவருகிறது. ஆய்வுக்கூடத்துக்குரிய கட்டுப்பாடு எதுவும் இல்லாத வீடுகளுக்கு அது செல்வது கவலைக்குரியது.

விலங்குகள் இறக்குமதிக்கு நம் நாட்டில் அடிப்படையாக இருப்பது 1898ம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். சென்னை உள்ளிட்ட நகரங்களில் மத்திய அரசின் விலங்குத் தொற்றுத் தடுப்பு நிலையங்கள் உள்ளன. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்யப்பட்ட திருத்தம், பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

தவளையை இழப்பது என்ன என்பதை நம் விவசாயிகள் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நாலாயிரம் டன்னுக்கு மேல் தவளைக்கால் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயிற்று. வயல்களில் பெருந்தவளை அரிதாகி, பூச்சியும் நண்டும் பெருகுவதாகக் குரல் எழுந்த பின் 1987ல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பிடிப்பதை நிறுத்தியதும் தவளை மீண்டும் பெருகிற்று. நோயை அவ்வாறு ஒரு ஆணையால் நிறுத்த முடியாது.

மீன் குஞ்சு வாங்குவோருக்கு

தவளை முட்டையை வரவழைக்கும் விவசாயி எவரும் இல்லை. ஆனால் தெரியாமலே வாங்கி வருவோர் உண்டு. அந்தமான் தீவுகளில் நம் நாட்டுப் பெருந்தவளை முன்பு கிடையாது. இந்த நூற்றாண்டில் அது அங்கு தோன்றித் தீவு தீவாகப் பரவிவிட்டது. வளர்ப்புக்காகக் கொண்டுசென்ற கெண்டை மீன் குஞ்சுகளோடு அதன் தலைப்பிரட்டைகளும் கலந்து சென்றதே முக்கிய வழி என்று ஆய்வாளர்கள் கண்டனர். அதன் தலைப்பிரட்டை மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும். தொட்டிச் சோதனையில் இதனுடன் சேர்த்து விடப்பட்ட தீவின் சொந்தத் தலைப்பிரட்டைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வளர்ந்த தவளை கோழிக் குஞ்சையும் பிடிப்பதாக அங்குள்ள மக்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். தஞ்சையில் நண்பனாக இருப்பது அந்தமானில் பகையாயிற்று.

ரானாவைரசும் மீனோடு தொடர்புடையதே. தென்னிந்தியாவில் வண்ணக் கெண்டை மீன்கள் கூட்டமாக இறந்ததற்கு ஒரு ரானாவைரஸ் காரணம் என்று 2015ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஆகவே ஆய்வுக்கூடத்துக்கு எழுதப்பட்ட விதியில் பாதியை, செலவில்லாமல் பண்ணைக்குட்டையிலும் கடைப்பிடிக்கலாம். மீன் குஞ்சு வாங்கும்போது பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலைப்பிரட்டையோ கூழ்த் திரளோ கலந்திருந்தால் அந்தப் பையை வாங்க வேண்டாம். சோர்ந்து மிதக்கும் குஞ்சு, உடலில் செம்புள்ளி உள்ள குஞ்சு இருந்தால் அந்தத் தொட்டிக் குஞ்சே வேண்டாம். குறைந்த விலைக்கு வண்டியில் வைத்து விற்பவரிடம் வாங்குவதைக் காட்டிலும், தாய்மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய பண்ணையில் வாங்குவது நல்லது. பையைத் திறக்காமல் குட்டை நீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்க்க வேண்டும். இதுவரை யாவரும் செய்வதுதான். அதன் பிறகு பையை அப்படியே குட்டையில் கவிழ்ப்பதுதான் தவறு. குஞ்சுகளைக் கைவலையால் அள்ளி, லிட்டருக்கு 20 கிராம் கறியுப்புக் கரைத்த நீரில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டிக் குட்டையில் விட வேண்டும். குஞ்சுகள் தத்தளித்தால் அந்த நேரத்துக்கு முன்பே எடுத்துவிடலாம். பையில் மிஞ்சிய நீரைக் குட்டை, கிணறு, வாய்க்கால் எதிலும் சேராதபடி மேட்டுநிலத்தில் வெயில் படும் இடத்தில் கொட்டிவிட வேண்டும். உப்பு நீரையும் பயிருக்குப் பாய்ச்சக் கூடாது.

ஒருவர் குட்டைக்கு இழுத்த வலையை ஈரத்தோடு அடுத்தவர் குட்டைக்குக் கொடுப்பது கிராமத்தில் வழக்கம். வலையை இரண்டு நாள் வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகு கொடுக்கலாம். பூசணம் உலர்ச்சியைத் தாங்காது. வாளி, அலுமினியப் பானை ஆகியவற்றையும் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மீன்தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் வண்ண மீனையோ, அயல்நாட்டுத் தவளையையோ, ஆக்சலாட்லையோ சலித்துப்போய் ஏரியில் விடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் கையில் உள்ளது.

தவளைப் பூசணம் மனிதருக்கோ ஆடு மாடுகளுக்கோ வராது. எனவே அச்சம் வேண்டாம். வயலிலோ குட்டையிலோ தவளைகள் ஒரே சமயத்தில் பலவாகச் செத்துக் கிடந்தால், முதலில் அண்மையில் அடித்த பூச்சிமருந்தைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். மருந்து அடிக்காத இடத்திலோ, குளிர்ந்த மலைப்பகுதியிலோ இவ்வாறு நேர்ந்தால் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கோ, வனத்துறைக்கோ, மீன்களும் சேர்ந்து இறந்திருந்தால் மீன்துறை அலுவலருக்கோ அன்றே தெரிவிக்க வேண்டும். செத்த தவளையை வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பனிக்கட்டியில் வைத்துக் கொடுத்தால் சோதிக்க உதவும். வெயிலில் அரை நாள் கிடந்து அழுகியதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.